அப்பாவின் டிரங்குப் பெட்டியும் ஹட்டன் மலை வீடும்

கேள்வி: எனக்கு 24 வயது. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அந்தேரியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து 12 பேர் வரும் ஜூலையில் இலங்கைக்குப் போகிறோம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் குடியிருக்கும் இரண்டு ஏழைக் குடும்பங்களுக்குப் பத்து நாளில் வீடு கட்டிக் கொடுக்கத் திட்டம். ஆளுக்கு 70,000 ரூபாய். பாதி என் சேமிப்பு, மீதி நன்கொடை. அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "சர்வேக்காரன் நம்ம கதவுல நம்பர் எழுதிட்டுப் போயிருக்கான். நமக்கு வீடு உண்டா இல்லையான்னு தெரியாம நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து வச்சுப் பழைய லைட் பில்லை எண்ணிக்கிட்டு இருக்கேன். நீ கடல் தாண்டிப் போய் வீடு கட்டப் போறியா?" என்று கேட்டவர், இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. சபையிலோ, "ஆண்டவர் அழைத்தால் வீட்டார் தடுத்தாலும் போகத்தான் வேண்டும்" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், தாராவி

பதில்:

அன்பு மகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த லைட் பில் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். அப்பா தடுக்கிறார் என்று நீ எழுதுகிறாய். வீடு என்றால் என்ன என்பது உங்கள் 12 பேரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகச் சான்று காட்டுகிறவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. காகிதம் இல்லாவிட்டால், வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் எழுப்பிய சுவரும் கணக்கில் வராது. அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிற மனிதரின் பயம் உனக்குத் தெரியாததல்ல. அதே பயத்தோடு இன்னொரு கூட்டம் அந்த மலையில் இருக்கிறது. அதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

1820களில் தொடங்கி நம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து, முதலில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் கூட்டிப் போகப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களை வைத்த வரிசை வீடுகள்தான் லயம். ஒரு அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், உங்கள் வீட்டை அளந்து பார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டு இல்லை, அதனால் கேட்க ஆள் இல்லை, அதனால் நிலமும் இல்லை. இன்றும் தோட்ட நிலம் பெரும்பாலும் அரசினுடையது, கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. இந்திய அரசு இலங்கையில் கட்டித் தந்த முதல் 50,000 வீடுகளில் மலையகத்துக்கு வந்தது 4,000தான். இன்னும் 10,000 தருவதாக 2017இல் அறிவித்தார்கள். அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம், அதாவது சுமார் 1,900 சதுர அடி, பிரித்துக் கொடுத்து அதில்தான் வீடு எழுப்பினார்கள்.

ஆகவே உங்கள் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது சிமெண்ட் கணக்கை அல்ல. நாம் கட்டப்போகும் மண் யாருடையது? அந்தக் குடும்பத்தின் பெயரில், முக்கியமாகக் கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவின் பெயரிலும், காணி உறுதி இருக்கிறதா? (பத்திரத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.) எழுத்தில் இல்லையென்றால், நாளைக்குத் தோட்ட நிர்வாகம் "வேலையை விட்டாயா, வீட்டையும் விடு" என்று சொல்லலாம். அப்போது நீங்கள் எல்லோரும் மும்பையில் இருப்பீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005இல், மும்பையிலிருந்து ஒரு குழுவோடு நாகப்பட்டினம் கரையோரம் வீடு கட்டப் போனேன். முதல் நாள் செங்கல்லை அப்படியே தூக்கிக் கொடுத்தோம். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அத்தனையையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். காய்ந்த கல் கலவையில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும், சுவர் பிடிக்காது என்று பக்கத்தில் இருந்த சித்தாள் அக்காதான் எங்களுக்குச் சொன்னாள். தன் முந்தானையைச் சுருட்டி எனக்குச் சும்மாடு கட்டிவிட்டதும் அவள்தான். எட்டாம் நாள் பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஒரு பையை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பிப் போனேன். அந்த வீட்டுக்கார அம்மா தெருக்கோடி அடிபம்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, கையால் அள்ளி அள்ளிச் சுவரில் தெளித்துக் கொண்டிருந்தாள். புதுச் சுவருக்கு ஒரு வாரமாவது க்யூரிங் வேண்டும். தண்ணீர் காட்டாவிட்டால் பூச்சு வெடிக்கும், சுவர் பலம் பிடிக்காது. அந்த ஒரு வாரத்துக்கு நாங்கள் ஒரு லாரித் தண்ணீருக்குக்கூடக் காசு ஒதுக்கவில்லை. எங்கள் திட்டம் நாங்கள் ஊருக்குத் திரும்புகிற தேதியோடு முடிந்திருந்தது. அந்தக் குடம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம், ஜூலை! அந்த மலைச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற மாதம் அது. மும்பையில் ஜூலையில் யாராவது கூரையைப் பிரிப்பார்களா? அங்கே மண்சரிவும் உண்டு. லீவு கிடைக்கிறது என்பதற்காக அந்த மாதத்தில் போய் ஈரத்தில் அஸ்திவாரம் தோண்டினால் அவதி அந்தக் குடும்பத்துக்குத்தான். பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளச் சொல். சுற்றுலா விசாவில் போய்க் கட்டட வேலை செய்யலாமா என்பதையும் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்.

பணத்துக்கு வருகிறேன். 12 பேருக்கு 8,40,000 ரூபாய். இதில் விமானத்துக்கும் தங்குவதற்கும் எவ்வளவு, கல்லுக்கும் கூலிக்கும் எவ்வளவு என்று நீ கணக்குப் போட்டுப் பார், உனக்குத் தெரிந்த வேலைதானே. என் யோசனை, 12 பேர் போக வேண்டாம், ஐந்து பேர் போதும். மிச்சப் பணத்தில் உள்ளூர் மேசனும் தோட்டத்து இளைஞர்களும் கூலி வாங்கி வேலை செய்யட்டும், நீங்கள் அவர்களுக்குச் சித்தாளாக நில்லுங்கள். உன் சேமிப்பை மட்டும் இப்போது தொடாதே. சர்வே முடிந்து, உங்கள் வீட்டின் பெயர் தகுதிப் பட்டியலில் வருகிறவரை அது உன் அப்பாவின் தைரியம். மேல்முறையீடு, நகல், அலைச்சல் என்று எது வேண்டுமானாலும் வரலாம். "கொர்பான்" (இது கடவுளுக்குக் காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோருக்கு உதவாமல் போகிறவர்களை இயேசு கண்டித்தது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் பாஸ்டர் ஐயாவிடம் பணிவோடு எடுத்துக்காட்டு.

அதற்காகக் கடல் தாண்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பிஷப் ஆன அசரியா 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அங்கே மட்டும் என்ன பாலும் தேனுமா ஓடியது? ஆனாலும் தெலுங்கு தேசத்துக்கு ஆள் அனுப்பினார்கள். பிறகு அவரும் போனார், தெலுங்கு கற்றார், 1945இல் டோர்ணக்கல்லிலேயே கண் மூடினார். 1910இல் எடின்பரோவில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் அவர் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் கொடுங்கள் என்று கேட்டார். இன்று கொடுக்கிற இடத்தில் நிற்பது நீங்கள். உங்களுக்கு அந்த மக்களோடு தமிழிலேயே பேச முடியும், எந்த வெளிநாட்டுக் குழுவுக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. மாலையில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் சாயத் தண்ணி (பால் விடாத தேநீர்) வாங்கிக் குடி. உன் கதையையும் சொல். திரும்பிய பிறகும் மாதம் ஒரு முறை போன் பண்ணு.

இன்னொன்று. யாருக்கு வீடு என்பதை, யார் ஜெபத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்தால் அந்தப் பயணத்தில் நீ சேராதே. அந்த மக்களில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கும்பிட்டுக்கொண்டே புது வீட்டில் பால் காய்ச்சட்டும்.

சரி, அப்பா. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து உங்கள் குழு கூடும்போது அவரைக் கூப்பிட்டு உட்கார வை. அந்தக் காணி உறுதிக் கேள்வியை அவரே கேட்கட்டும், அவரைப் போல யாராலும் கேட்க முடியாது. வரமாட்டேன் என்பார். அதற்கு முன்னால், இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார். மீட்டர் முதன்முதலாக யார் பெயரில், எப்படிக் கிடைத்தது என்று கேள். உடனே பேசமாட்டார். நீ எழுந்து போய்விடாதே.