ஷெட்டுக்கு வந்த கேள்விகள்: பத்து வயது தாண்டிய பிக்கப்

மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக் ஷெட் போட்டு 28 வருடம் ஆகிறது. என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பழைய பிக்கப் வண்டிகள்தான். மலையிலிருந்து காரட்டும் பீன்ஸும் இறக்குகிறவை, இங்கிருந்து அரிசியும் சிமெண்டும் ஏற்றிப் போகிறவை. போன இதழில் பிக்கப் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "இதை மாத்தினோம், அதை மாத்தினோம், இன்னும் சரியாகலை." படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் வண்டி நின்றால் அந்த வீட்டில் ஒரு நாள் வருமானம் நிற்கிறது. அதனால் எதைக் கழற்றுவது என்பதற்கு முன்னால் எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாரம் நாலு நடை காரட் இறக்குகிறேன். 2010 மாடல் பிக்கப். குஞ்சப்பனை தாண்டும்போது பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து மிதித்தால் பழையபடி நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டர் புதிதாகப் போட்டுவிட்டேன். மாற்றமே இல்லை அண்ணா.
– வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, முதலில் இந்த வண்டியை லோடோடு இறக்குவதை நிறுத்துங்கள். பதிலைப் படித்து வேலையை முடித்த பிறகு இறக்கலாம்.

டீ குடிக்கும் நேரத்தில் சரியாகிறது என்றால் சூடுதான் காரணம். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே சுமார் 1,400 மீட்டர் இறக்கம். வண்டியும் லோடுமாக மூன்று டன் என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வருகிற சக்தி முழுக்க பிரேக்கில் சூடாக மாறினால், 100 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்தச் சூட்டை நாலு சக்கரத்தின் தலையில் ஏற்றினால் என்ன ஆகும்?

சூட்டில் இரண்டு விதமாகப் பிரேக் போகும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று போனால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் வந்திருக்கிறது. உங்களுடையது இரண்டாவது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தர எண் கொண்ட புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) மாற்றும்போது பழைய ஆயிலையே வடிகட்டி ஊற்றினார்களா என்று கேளுங்கள். தொட்டியில் பாருங்கள், கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் அதுதான் பதில். ஆயில் முழுவதையும் வெளியேற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கிப் பிளீட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். மூடியில் எழுதியிருப்பது டாட் 3 ஆக இருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், அது இன்னும் தாங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டிருப்பதாக. எனக்கு அங்கேதான் பயம். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிசுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே ஒரு கம்பி போகும், அது ஒரு பிரேக் வால்வில் போய் முடியும். லோடு ஏறி சேசிஸ் கீழே இறங்கினால் அந்தக் கம்பி வால்வைத் திருப்பி, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போக விடும். வண்டி காலியாக இருந்தால் குறைத்துவிடும். நீங்கள் பட்டை சேர்த்ததும் ஒன்றரை டன் ஏற்றினாலும் சேசிஸ் அவ்வளவாக இறங்காது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் சும்மா இருக்க, மொத்தச் சுமையும் முன் டிஸ்க்கில் விழும். முன்னாடி ஆயில் கொதிக்காமல் என்ன செய்யும்? சில இடங்களில் அந்தக் கம்பியைக் கழற்றி, கட்டுக்கம்பி போட்டுத் தூக்கிக் கட்டி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கூடுதல் பட்டையைக் கழற்றுங்கள், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையை மட்டும் ஏற்றுங்கள், கம்பியின் நீளத்தை அளவு பார்த்து வைக்கச் சொல்லுங்கள். நாலு நடை ஐந்து நடை ஆகும், தெரியும். ஆனாலும் கழற்றுங்கள்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியர். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இறக்கத்தில் பம்பு நாசிலுக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) டீசல் அனுப்புவதே இல்லை. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகிறது.

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அதிகாலை மூன்று மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டி. காலையில் பத்துப் பன்னிரண்டு தடவை செல்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஒருமுறை ஓடிவிட்டால் நாள் முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட். பம்பும் நாசிலும் இறக்கிச் சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். பெரிய செலவு. செய்யட்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம் அருகே

பதில்: செய்ய வேண்டாம். இன்னும் வேண்டாம்.

பம்பு தேய்ந்திருந்தால் பெரும்பாலும் எஞ்சின் சூடான பிறகுதான் ஸ்டார்டிங் மோசமாகும், ஏனென்றால் சூட்டில் டீசல் நீர்த்துப் போய் தேய்ந்த இடுக்கில் கசியும். உங்கள் வண்டி தலைகீழாக நடக்கிறது. ராத்திரி முழுக்க நின்றால்தான் தகராறு. லைனில் எங்கோ ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது. அது வழியாகக் காற்று உள்ளே போக, டீசல் மெல்ல டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. காலையில் செல்ப் அடித்து அடித்து அந்த டீசலை மேலே இழுக்கிறீர்கள்.

இதே தப்பை நான் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு பெரியவரின் வண்டியில் பம்பை இறக்கிப் பம்பு கடைக்கு அனுப்பினேன். திரும்பி வந்து மாட்டியும் காலையில் அதே கதை. என் குருநாதர் வந்தார், ஒன்றும் பேசவில்லை. பம்புக்குள் டீசல் நுழையும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டதும் அந்த ஹோஸுக்குள் கடுகு கடுகாகக் குமிழ் வரிசை கட்டிப் போனது. டீசல் ஃபில்டர் தலையில் இருந்த செம்பு வாஷர், ஐந்து ரூபாய்ச் சாமான், பழையதையே திரும்பத் திரும்ப மாட்டி அமுங்கிப் போயிருந்தது. பெரியவரிடம் வாங்கிய பம்புக் காசை அந்த வருடம் தீபாவளிக்குள் திருப்பிக் கொடுத்தேன்.

நீங்களும் அந்தக் கண்ணாடி ஹோஸைப் போட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் பம்பிலிருந்து டேங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போங்கள்: ஹோஸ் கிளிப், ஃபில்டர் வாஷர், ஹேண்ட் பிரைமர் (கையால் டீசல் ஏற்றும் பம்பு) அடி, டேங்குக்கு மேலே ரப்பர் வெடித்த இடம். வெளியே டீசல் சொட்டவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், உறிஞ்சும் லைனில் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். சரி செய்த பிறகு ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை பிரைமரை அடியுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காமன் ரெயில் வண்டியில் (எலக்ட்ரானிக் முறையில் டீசல் அடிக்கும் புதிய வகை) எஞ்சின் ஓடும்போது நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டிவரலாம்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு அவருடைய பிக்கப்பில் நானே தண்ணீர் கேன் வியாபாரம் பார்க்கிறேன். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். செல்ப் அடித்தால் "டக்" என்கிறது, சுற்றுவதில்லை. தள்ள ஆள் தேட வேண்டியிருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, மூன்றாவது பேட்டரி வாங்காதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு சின்ன மீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். காலையில் வண்டியைத் தொடும் முன் பேட்டரியில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிரம்பியிருக்கிறது. ஸ்டார்ட் செய்த பிறகு 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே காட்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது.

இரண்டும் சரியாக இருந்தும் "டக்" என்றால் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் முனையில், இன்னொன்று எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில். பக்கத்தில் ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் கெட்டுவிட்டது. மேலே ரப்பர் நன்றாகத்தான் தெரியும். முனையில் ஒரு விரற்கடை சீவிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிரும். தண்ணீர் கேன் வண்டி எப்போதும் ஈரத்தில் நிற்பதால் இது சீக்கிரம் வரும்.

ராத்திரி 12.6 இருந்து காலையில் 12-க்கு இறங்கியிருந்தால் வேறு கதை. அறிவிப்புக்கு ஸ்பீக்கர் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் ஒயர் சாவி வழியாக வராமல் நேரே பேட்டரியில் இருந்தால் ராத்திரி முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கும். ஒரு ஃபியூஸ் போட்டு, சாவிக்குப் பின்னால் மாற்றச் சொல்லுங்கள், அரை மணி வேலை. உங்களைத் தெருவில் தள்ளவிட்டுக்கொண்டு பேட்டரி மட்டும் விற்றவர்கள் மேல் எனக்குக் கோபமாக வருகிறது.

கேள்வி: குன்னூருக்கு லோடு ஏற்றும்போது பர்லியார் தாண்டினாலே டெம்பரேச்சர் ஏறுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். கொஞ்சம் பரவாயில்லை. இப்படியே ஓட்டலாமா?
– வாசகர், காரமடை

பதில்: கூடாது. எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாமல் சமவெளியில் எஞ்சின் சூடே ஏறாமல் ஓடும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைத்து அதைத் தடுப்பது அந்த மூடிதான். ரப்பர் காய்ந்திருந்தால் மலை வண்டிக்கு அது பெரிய குறை. ரேடியேட்டர் இதழ்களில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஏறினால், ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. சூட்டில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள்.

கேள்வி: கியர் போட்டு கிளட்சை விட்டதும் அடியில் "டணக்" என்று ஒரு அடி. கியர் பாக்ஸா?
– வாசகர், அவிநாசி

பதில்: முதலில் ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு அது. சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் போய் ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்மண் தூவியது போல் துருப்பொடி இருந்தால் கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் பொடியாகிக்கொண்டிருக்கிறது. உடனே மாற்றுங்கள், ஓட்டத்தில் ஷாஃப்ட் கழன்று விழுந்தால் ஆபத்து.

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் ஒரு 2012 மாடல் பிக்கப் விலைக்கு வருகிறது. மீன் லோடு ஓடிய வண்டி. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: எஞ்சினைப் பார்க்கும் ஆசையில் சேசிஸை விட்டுவிடாதீர்கள். எஞ்சினை லேத்துக்குக் கொண்டுபோய்ப் புதிதாக்கலாம். அரித்த சேசிஸை ஒட்டுப் போட்டால் அது ஒட்டுதான்.

மீன் வண்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீராக ராத்திரி பகலாகச் சொட்டும். பாடிக்கும் சேசிசுக்கும் நடுவே வைத்த மரக்கட்டை அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கட்டைக்கு அடியில், கேபினுக்குப் பின்னால், பின் பட்டை தொங்கும் பிராக்கெட் பக்கம் தேடுங்கள். ஒரு சின்னச் சுத்தி எடுத்துப்போய் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று பேசும். அரித்த இடம் "டொப்" என்று அமுங்கிப் போகும். புதிதாகக் கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே இரண்டு தட்டு சேர்த்துத் தட்டுங்கள். பிரேக் பைப் சேசிஸ் ஓரமாகப் போகும் இடத்தில் நகத்தால் சுரண்டுங்கள், செதில் செதிலாக வந்தால் அது மொத்தமும் மாற்ற வேண்டியது.

எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் போகும்போது வண்டி ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரில் கை வையுங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே மேலே வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை புஸ்புஸ்ஸென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் போய்விட்டன. சைலன்சரில் நீலப்புகை தொடர்ந்து வந்தாலும் அதே அர்த்தம். கறுப்புப் புகை என்றால் அவ்வளவு பயப்பட வேண்டாம், ஏர் ஃபில்டர் அடைப்பாகவோ நாசிலாகவோ இருக்கலாம்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எப்.சி. (ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று) எடுக்க வேண்டும். கடைசி எப்.சி. எப்போது முடிகிறது என்று பேப்பரில் பாருங்கள். அடுத்த மாதம் முடிகிற வண்டியை அவசரமாகத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்றால், சேசிஸ் தேறாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கலாம். எப்.சி. எடுத்துக் கொடுங்கள், விலை பேசுவோம் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் சுத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.