மெஷினைப் பார்க்கிற வேலையா இது?

ஐசியூவில் வேலை செய்யும் உங்கள் தோழி, "நீ மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நர்ஸ்தானே" என்று சொன்னதிலிருந்து சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் வழியாகச் சுத்தம் செய்யும் இந்த டயாலிசிஸ் வேலையே பிடிக்கவில்லை என்கிறீர்கள். வலிக்கத்தான் செய்யும். நானும் டயாலிசிஸ் நர்ஸ்தான், அதனால் சொல்கிறேன், அவர் சொன்னது தவறு.

நிமிடத்துக்கு 300 மில்லி என்று வைத்தாலும் 4 மணி நேரத்தில் 72 லிட்டர் ரத்தம் மெஷினின் குழாய்களில் போய் வருகிறது; உடம்பில் இருப்பதோ சுமார் 5 லிட்டர். அத்தனையும் உங்கள் கண் பார்வையில்தான் நடக்கிறது. ஊசி போடும் முன் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், விரல் வைத்து ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கிறீர்களே, அதை எந்த மெஷினும் உங்களுக்காகச் செய்யாது. நோயாளி கொட்டாவி விட்டு, முகம் வெளுத்து, பேச்சைக் குறைத்துக்கொண்டால் பிரஷர் இறங்கப்போகிறது என்று அலாரம் அடிக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், இல்லையா?

1943-ல் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் நெதர்லாந்தில் தான் உருவாக்கிய மெஷினில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். 1945-ல்தான் அவருடைய நோயாளி ஒருவர் பிழைத்தார்! இன்று அதையே நீங்கள் ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?

அப்புறம், வாரத்துக்கு 3 முறை, வருடக்கணக்காக ஒரே முகங்கள். அந்த நெருக்கம் ஐசியூவில் கிடைப்பது அபூர்வம். தோழியை ஒரு ஷிப்ட் முழுக்க உங்களோடு வந்து நிற்கச் சொல்லுங்கள், முதல் ஊசி போடுவதிலிருந்தே.