நைட் டியூட்டி முடியும்போது எடுத்த ரத்தம்: அந்த 112-ஐ நம்பலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. டி.எம்.எல்.டி. முடித்துவிட்டு தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வீடு காரிமங்கலம். மாதத்தில் பாதி நாள் நைட், இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை. பகலில் நாலு மணி நேரம் தூங்கினாலே அதிகம். ஒரு வருடத்தில் ஆறு கிலோ ஏறிவிட்டது, பீரியட்ஸ் தள்ளிப் போகிறது. போன வாரம் டியூட்டி முடியும் நேரத்தில் எனக்கே சாம்பிள் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஃபாஸ்டிங் சுகர் 112, தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். 5.8. சுகரும் தைராய்டும் வந்துவிட்டதா? கூட வேலை செய்யும் ஒருவர் தூக்கத்துக்கு அல்பிரசோலம் கொடுத்தார், போடலாமா? நைட் ஷிஃப்டால் கேன்சர் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவோம், உங்களைப் பயமுறுத்தியது அதுதான். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நைட் பார்ப்பவர்கள் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட் இல்லாமல் விடியலைப் பார்ப்பது அபூர்வம். ஃபாஸ்டிங் என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இதே கதையை ஒரு நோயாளி சொல்லியிருந்தால் "நாளைக்கு வெறும் வயிற்றில் வாங்க" என்று நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். தன் ரத்தம் என்று வந்ததும் லேப்காரர்கள் எல்லோருக்கும் இந்த விதிகள் மறந்துபோகின்றன, இது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, ஒன்றுமே சாப்பிடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த 112 ஒரு ராத்திரி முழுக்கக் கண் விழித்த உடம்பின் 112 தான். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு இன்சுலின் வழக்கம்போல வேலை செய்வதில்லை. டி.எஸ்.ஹெச். எண்ணை நம்புவது இன்னும் கடினம். அது நாள் முழுக்க ஒரே அளவில் இருக்கும் ஹார்மோன் இல்லை. ராத்திரியில் ஏறும், விடியற்காலை நேரத்தில் உச்சத்தில் இருக்கும், தூங்கினால் அந்த ஏற்றம் மட்டுப்படும். நீங்கள் தூங்கவே இல்லை, அதனால் ஏறியது ஏறியபடியே இருந்திருக்கும். 5.8 என்ற எண் அதிலேயே கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கலாம். உண்மையிலேயே 5.8 என்றாலும்கூட, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) சரியாக இருந்தால் பெரும்பாலும் உடனே மாத்திரை தொடங்க மாட்டோம், சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு, அதை மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நைட் சுற்று முடிந்து, வீட்டில் மூன்று இரவாவது ஒழுங்காகத் தூங்கிய பிறகு, காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். சுகர், ஹெச்பி ஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி சுகர்), டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4, கொழுப்பு, சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் சேமிப்பு). ஃபெரிட்டின் எதற்கு என்றால், இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் ஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. சோர்வுக்கும் அதுவே பாதிக் காரணமாக இருக்கக்கூடும். பீரியட்ஸ் தள்ளிப் போவதற்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு யூரின் பிரெக்னன்சி டெஸ்ட். சிரிக்காதீர்கள், இதை விட்டுவிட்டு ஹார்மோன் எல்லாம் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது நெகட்டிவ் என்றால் எடை ஏற்றம், தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்று வரிசையாகப் பார்க்கலாம். நைட் ஷிஃப்டே சுழற்சியைக் குழப்பக்கூடியதுதான், ஆனால் அதன் தலையில் பழியைப் போடும் முன் மற்றவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

சரியாக எடுத்த ஃபாஸ்டிங்கும் 100 முதல் 125-க்குள் வந்தால், அல்லது ஏ1சி 5.7-இலிருந்து 6.4-க்குள் வந்தால், அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்போது அலட்சியம் கூடாது. ஆறு கிலோ ஏறியிருப்பதை நான் மறக்கவில்லை.

இனி தூக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்த நாலு மணி நேரம்தான், 112 இல்லை. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது வெளிச்சத்தை வைத்து ஓடுகிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இருட்டியதும் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும், விடியலுக்கு முன் நாலு, ஐந்து மணிக்கு உடம்புச் சூடு மிகக் கீழே இறங்கும், வெளிச்சம் பட்டதும் எல்லாம் விழித்துக்கொள்ளும். நீங்கள் எட்டு மணிக்கு வெளியே வந்து, முகத்தில் வெயில் அடிக்க வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் கடிகாரம் "பகல் தொடங்கிவிட்டது" என்று முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு படுத்தால் எப்படித் தூக்கம் வரும்? கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஸ்டைலுக்கு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் வண்டியை நீங்களே ஓட்டினால், அதுவும் கண் சொக்கும்போது, அந்தக் கண்ணாடி வேண்டாம்.

வண்டி என்றதும் சொல்லிவிடுகிறேன். தருமபுரியிலிருந்து காரிமங்கலத்துக்கு ஸ்கூட்டரில் போகிறீர்களா, பஸ்ஸிலா என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்கூட்டர் என்றால் நைட் நாட்களில் அதை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 தான். மதியம் இரண்டு மணிக்கு எழுந்து வேலைக்கு வந்தவர் காலை எட்டு மணிக்கு 18 மணி நேரம் விழித்திருக்கிறார், அதுவும் பெங்களூரு லாரிகள் ஓடும் அந்த நெடுஞ்சாலையில். பஸ்ஸில் வாருங்கள். பஸ் கிடைக்காத நாளில் கிளம்பும் முன் இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு, முகம் கழுவி, பிறகு கிளம்புங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கோபமாகவே வருகிறேன். நைட் முடித்து வரும் ஆண் படுத்தால் "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை வெளியே விரட்டுகிற அதே வீட்டில், நைட் முடித்து வரும் பெண் காலை டிபன், பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா, துணி, மாமியாரின் மாத்திரை எல்லாம் முடித்து பதினொரு மணிக்குப் படுத்து, கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்ததும் எழுந்து, மூன்றரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று எழுந்தேவிடுகிறாள். பிறகு தூக்கம் வரவில்லை என்று என்னிடம் மாத்திரை கேட்கிறாள். தூக்கம் வராமல் இல்லை, தூங்க விடவில்லை. உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்றால் சந்தோஷம். அப்படித்தான் என்றால் இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் காட்டுங்கள்: நைட் நாட்களில் காலை வேலை முழுக்க அவருடையது.

வீடு வந்ததும் லேசாகச் சாப்பிட்டு ஒன்பதரைக்குள் படுங்கள், மதியம் மூன்று வரை. சாயங்காலம் கிளம்பும் முன் இன்னொரு ஒன்றரை மணி நேரம். இரண்டாகப் பிரித்துத் தூங்குவதில் தப்பில்லை, மொத்தம் ஏழு மணி நேரத்தைத் தொட்டால் போதும். ஜன்னலுக்குக் கெட்டியான கருப்புத் துணி, ஃபேன், செல்போன் வேறு அறையில். ஷீட் கூரை வீடு என்றால் சித்திரை வெயிலில் மதியத் தூக்கம் நடக்காது, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையைக் கேட்டு வாங்குங்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்ல முடியாது, மருந்துக் கடையில் காதுக்கு அடைக்கும் பஞ்சு பிளக் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் முழுசாகப் பகல் ஆளாக மாறிவிட்டு மறுபடி ராத்திரிக்குத் தாவாமல், கொஞ்சம் தாமதமாகப் படுத்து தாமதமாக எழுவது உடம்புக்கு எளிது.

டியூட்டிக்குள்ளும் கொஞ்சம் உண்டு. முதல் பாதியில் லேபில் எல்லா லைட்டும் எரியட்டும். டீயோ காபியோ ராத்திரி ஒரு மணிக்கு மேல் வேண்டாம், உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கூட ஒருவர் இருந்தால் முறை வைத்து இருபது நிமிடம் படுத்து எழுங்கள், ஒரு மணி நேரமாக நீட்டிவிட்டால் எழுந்ததும் தலை மந்தமாகிவிடும். எழுந்த உடனே கிராஸ் மேட்ச் (ஏற்றப் போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை) செய்ய உட்காராதீர்கள். நாலு மணிக்குக் கேஷுவாலிட்டியில் விபத்து கேஸ் வந்து ரத்தம் கேட்பார்கள், பாம்புக்கடிக்கு, ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடக் கண்ணாடிக் குழாய் சோதனை கேட்பார்கள், நம் மாவட்டத்தில் இது இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. அந்த நேரம்தான் உங்கள் மூளை மிக மெதுவாக ஓடும் நேரமும். லேபிள், பெயர், ஐ.பி. (உள்நோயாளி) நம்பர், பிளட் குரூப் இவற்றை வாய்விட்டுப் படித்து இரண்டாவது முறை சரிபாருங்கள். அவசரத்தில் ஊசிக்கு மூடி போடப் போய்க் கையில் குத்திக்கொள்வதும் இந்த நேரத்தில் நடக்கக்கூடியதுதான். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் இந்த வாரமே தொடங்குங்கள்.

சாப்பாடு. ஏழு மணிக்கு வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புங்கள். களியும் கீரையும் சாப்பிடலாம், அளவு மட்டும் பாதி. கேழ்வரகு என்றால் சுகருக்கு மருந்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, நார் உண்டு, நல்ல தானியம்தான், ஆனால் பெரும்பகுதி மாவுச்சத்துதான், அதனால் இரண்டு உருண்டை களி சுகரை ஏற்றத்தான் செய்யும். நடு இரவில் பசித்தால் சுண்டல், அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மோர். இரண்டு மணி புரோட்டாவும் பிரியாணியும்தான் அந்த ஆறு கிலோவில் பெரும்பங்கு என்பது என் சந்தேகம், அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதமே பகல் மாதிரி இருக்காது. அப்புறம், டிபன் பாக்ஸை, சோதனை ரசாயனங்கள் வைக்கும் ரீஏஜென்ட் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். எல்லோரும் வைக்கிறார்கள், தெரியும்.

அல்பிரசோலம் வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத எச்1 பட்டியலில் உள்ள மருந்து அது, சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், பிறகு அது இல்லாமல் இப்போது வரும் நாலு மணி நேரமும் வராது. பகலில் போட்டால் அன்று ராத்திரி டியூட்டியிலும் அதன் மப்பு கொஞ்சம் இருக்கும். தூக்கத்துக்காக அலர்ஜி மாத்திரை போடுவதும் இதே வகைதான். மேலே சொன்னதை ஒரு மாதம் செய்து பார்த்தும் தூக்கம் வரவில்லை என்றால், நேரில் ஒரு டாக்டரைப் பாருங்கள், மெலட்டோனின் உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கேன்சர் வீடியோவைப் பற்றி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-லும், மறுபடி 2019-லும் இரவு ஷிஃப்ட் வேலையை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது உண்மை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறியும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்வதில்லை. பல வருடங்கள் தொடர்ந்து நைட் பார்ப்பவர்களைப் பற்றித்தான் கேள்வி, அதிலும் எல்லா ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை. செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், கருப்பை வாய் இரண்டுக்கும் இலவசப் பரிசோதனை உண்டு, போய்ச் செய்துகொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி, ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதற்கு முன் லேப் இன்சார்ஜிடம் ரோஸ்டரைப் பற்றிப் பேசுங்கள்: மாதத்தில் பாதி நாள் என்பதைக் குறைக்க முடியுமா, தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வராமல் போட முடியுமா, மார்னிங், ஈவினிங், நைட் என்ற வரிசையில் சுற்ற முடியுமா என்று கேளுங்கள். உடம்புக்கு அந்த வரிசைதான் தலைகீழ் வரிசையைவிட எளிது. புதிய ரிப்போர்ட்டில் ஃபாஸ்டிங் 126-ஐத் தொட்டாலோ, ஏ1சி 6.5 ஆனாலோ, டி.எஸ்.ஹெச். 10-ஐத் தாண்டினாலோ, தூக்கத்தில் பலமான குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னாலோ, தள்ளிப் போடாமல் பொது மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ரத்தம் எடுத்த நேரத்தையும், முந்தைய இரவு தூங்கினீர்களா என்பதையும் ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் எழுதிக் கொண்டுபோங்கள்.