பழைய காருக்கு எந்த பாலிஷ் மெஷின் வாங்கலாம்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஓட்டிய 2007 மாடல் சிவப்பு மாருதி 800 வீட்டில் நிற்கிறது. பானெட்டும் மேற்கூரையும் வெளுத்துப்போய், தடவினால் விரலில் மாவு போல ஒட்டுகிறதாம். கையில் எட்டாயிரம் ரூபாய். கடைக்காரர் 1,200 வாட் ரோட்டரி மெஷினைக் காட்டுகிறார். பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் மச்சானோ, “எங்க கிரைண்டரையே எடுத்துட்டுப் போ” என்கிறார். எது சரி?

மச்சானின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்தக் கிரைண்டரை அங்கேயே விட்டுவிடுங்கள். சாதாரண நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். கார் பெயின்டுக்கு ரோட்டரி மெஷினை வைத்தாலே 1,000 முதல் 1,500 சுற்றுக்குள்தான் வேலை செய்வோம். கல் தாங்கும் சூட்டைப் பெயின்ட் தாங்காது.

கடைக்காரர் காட்டுவது நல்ல மெஷின்தான், ஆனால் பழகிய கைக்கு உரியது. ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றாலும் சூடு அங்கேயே குவியும். ஆரம்ப காலத்தில் ஒரு பானெட்டின் மடிப்பு ஓரத்தில் இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். பெயின்ட் போய் உள்ளே இருந்த சாம்பல் நிற பிரைமர் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது. காரின் மொத்தப் பெயின்ட்டே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான், மடிப்புகளில் அதைவிடக் குறைவு.

உங்களுக்கு ஏற்றது டூயல் ஆக்‌ஷன் மெஷின். கடையில் ‘டி.ஏ.’ என்று கேளுங்கள். பெயின்ட்டைத் தேய்க்கும் பஞ்சு வட்டமான பேட், சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் ஆடுவதால் சூடு பரவிவிடும். மிகவும் அழுத்தினால் சுழற்சி நின்றுபோகும், அதாவது தப்பு செய்தால் மெஷினே விட்டுக்கொடுக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் முதல் தடவை செய்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை.

வாங்கும்போது வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், 700 முதல் 900 வரை போதும். பேடை ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட் 125 மி.மீ. இருக்கட்டும். மாருதி 800 சின்ன வண்டி, பெரிய பிளேட் வளைவுகளில் உட்காராது. வேகத்தை மாற்றும் திருகு இருக்க வேண்டும். மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். பத்து இஞ்சில் பெரிதாக, மலிவாக விற்கும் வேக்ஸ் பஃபர்கள் வேக்ஸைப் பரப்பத்தான் லாயக்கு, வெளுத்த பெயின்ட்டை அவை மீட்காது.

மெஷினுக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் போகாதீர்கள். மீதிப் பணம் பேடுக்கும், பேடில் தடவித் தேய்க்கும் பசையான காம்பவுண்டுக்கும் வேண்டும். வெளுத்த பெயின்ட் தூளாக உதிர்ந்து பேடை அடைத்துவிடும், ஒரே பேடை வைத்துக்கொண்டு கூரையைக்கூட முடிக்க முடியாது. ஃபோம் பேட் நாலைந்தாவது வேண்டும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மெஷின் வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியில் துளி காம்பவுண்ட் வைத்து, பானெட்டில் உள்ளங்கை அளவு இடத்தைக் கையால் தேயுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால், மேலே கிளியர் கோட் என்னும் நிறமில்லாத பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு. கவலை வேண்டாம், இந்த வகைதான் பாலிஷுக்கு அழகாகத் திரும்பிவரும். சிவப்பு ஒட்டாமல், மேல்தோல் செதில் செதிலாக உரிந்திருந்தால் அது கிளியர் கோட் போன வண்டி. மெஷினே வாங்காதீர்கள், அந்தப் பணத்தை அந்தப் பகுதிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இன்னொன்று. கல் குவாரிப் புழுதியும் போர் தண்ணீரின் உப்புக் கறையும் பெயின்ட்டில் படிந்திருக்கும். அதோடு மெஷினை ஓட்டினால் புழுதியே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். நன்றாகக் கழுவி, படிந்த அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற க்ளே பாரால் வழுவழுப்பாகும்வரை தேய்த்து, மடிப்பு ஓரங்களுக்கும் ரப்பர் பட்டைகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வண்டி மாமரத்தடியில் நின்றிருந்தால் பிசினை முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுழல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காலையில், நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒன்றரை அடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு, மெதுவாக நாலு தடவை ஓட்டித் துடைத்துப் பாருங்கள். அந்தச் சதுரம் மட்டும் பழைய சிவப்பில் பளிச்சென்று நிற்கும். முழு வண்டியும் முடிந்த அன்றே வேக்ஸ் போட்டுவிடுங்கள், ஒற்றைப் பூச்சு வெயிலில் வெறுமனே நின்றால் சில மாதங்களில் மறுபடி வெளுக்கத் தொடங்கிவிடும்.