ஐஸ் கரைந்ததா, உருகியதா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “இரண்டரை ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்தோம். மகன் அங்கே நான்காம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். இப்போது உயர்நிலை 1, அறிவியலை ஜி3 என்ற உயர்ந்த பாட நிலையில் படிக்கிறான். வீட்டில் கேட்டால் தமிழில் அழகாக விளக்குகிறான். தேர்வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை நன்றாகச் செய்கிறான். எழுதி விளக்க வேண்டிய பகுதியில் பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் பேச வேண்டுமா? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒரு படி எளிதான ஜி2-க்கு மாற்றிவிடலாமா?”

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: தமிழை நிறுத்த வேண்டாம். உங்கள் மகனுக்கு அறிவியல் புரிகிறது, அது புரிந்த மொழி தமிழ். அதை எடுத்துவிட்டால் புரிந்ததைச் சொல்லிப் பார்க்க அவனுக்கு இடமே இருக்காது. அவன் மதிப்பெண் இழப்பது வேறோர் இடத்தில் என்று நினைக்கிறேன். தமிழ் வீட்டிலிருந்து வரும் மாணவர்களின் விடைத்தாள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் அது.

ஒரு கிளாஸ் தே பெங் (ஐஸ் போட்ட பால் தேநீர்) வாங்கி மேசையில் வையுங்கள். சற்று நேரத்தில் “ஐஸ் கரைஞ்சு போச்சு” என்கிறோம். சர்க்கரை போட்டுக் கலக்கினால் அதையும் “கரைஞ்சு போச்சு” என்கிறோம். பேச்சில் இதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஆங்கில அறிவியலில் ஐஸ் ‘மெல்ட்’ ஆகிறது, சர்க்கரை ‘டிஸால்வ்’ ஆகிறது. முன்னது ஒரே பொருள் வெப்பம் பெற்றுத் திடநிலையிலிருந்து திரவமாவது. பின்னதற்கு இரண்டு பொருள் வேண்டும், ஒன்றின் துகள்கள் மற்றொன்றின் துகள்களுக்கு இடையே பரவ வேண்டும். பையன் ஐஸுக்கு ‘டிஸால்வ்’ என்று எழுதினால், அவனுக்கு நிலைமாற்றமே தெரியாது என்று ஆசிரியர் நினைப்பார். உண்மையில் அவனுக்குத் தெரியும், வீட்டுப் பேச்சுச் சொல்லை அப்படியே கொண்டுபோய்விட்டான், அவ்வளவுதான். எழுத்துத் தமிழில் நமக்கும் இரண்டு சொல் உண்டு: உருகுதல், கரைதல். அவற்றை வீட்டிலும் பிரித்துப் பேசிப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று ஆவி. இட்லிப் பானையைத் திறந்தால் வெள்ளையாக எழுவதையும் ஆவி என்கிறோம், துணி காயும்போது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் போவதையும் ஆவி என்கிறோம். அறிவியலில் ‘வாட்டர் வேப்பர்’ எனப்படும் நீராவி ஒரு வாயு, அது கண்ணுக்குத் தெரியாது. பானையின் மேலே நாம் பார்க்கும் வெண்மை, அந்த நீராவி குளிர்ந்து மறுபடி திரவமாகிய நுண்ணிய நீர்த்துளிகள். கெண்டியில் தண்ணீர் கொதிக்கும்போது தள்ளி நின்று கெண்டியின் மூக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாயருகே சிறிது தூரம் வெறுமையாகத் தெரியும், வெள்ளைப் புகை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அந்த வெற்றிடம்போல் தெரியும் இடத்தில்தான் நீராவி இருக்கிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு குழம்புவதில்லை.

எடையும் இப்படித்தான். தேக்கா சந்தையில் மீனின் எடை 2 கிலோ என்போம். அறிவியலில் கிலோகிராமில் சொல்வது நிறை. எடை ஒரு விசை, அதன் அலகு நியூட்டன். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவரின் எடை பூமியில் ஏறக்குறைய 500 நியூட்டன், நிலவில் சுமார் 80. நிறை இரண்டு இடத்திலும் அதே 50தான். வெப்பம், வெப்பநிலை இரண்டையும் ‘சூடு’ என்று ஒரே சொல்லில் அடக்குவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொற்களை இரண்டு மாதத்தில் சரிசெய்துவிடலாம். வாக்கிய அமைப்புதான் எனக்குப் பெரிய கவலை. தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசலாம்: “சூடானா விரியும்.” எது விரியும் என்று யாரும் கேட்பதில்லை. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது பையன் அந்த இடத்தில் ‘இட்’ என்று போட்டுவிடுகிறான். உலோகமா, அதன் துகளா? துகள்களே பெரிதாகின்றன என்று எண்ணுவது இந்தப் பாடத்தில் அடிக்கடி காணும் தவறு. அதனால் ஆசிரியர் அந்த ‘இட்’டுக்கு மதிப்பெண் தரமுடியாது. சரியான விடை இப்படி நகரும்: உலோகம் வெப்பம் பெறுகிறது, அதன் துகள்கள் முன்பைவிட வேகமாக அதிர்கின்றன, துகள்களுக்கு இடையிலான தூரம் சற்றுக் கூடுகிறது, அதனால் உலோகம் விரிகிறது. துகளின் அளவு மாறவே இல்லை.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும், அதற்கு ஆங்கிலமும் தேவையில்லை. அவன் தமிழில் விளக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி “எது?” என்று கேளுங்கள். எது அதிர்கிறது? எதிலிருந்து எதற்கு வெப்பம் போகிறது? அப்புறம் “அதனால்?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் தமிழில் முழுமையாகப் பதில் சொல்லிவிட்டால், அதே வரிசையில் அவனே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதட்டும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, கால் மணி நேரம் போதும்.

ஒப்பிடும் கேள்விகளில் வேறொரு சிக்கல். “இதைவிட அது பெரியது” என்கிறோம். வேலையை ‘விட’ பார்த்துக்கொள்கிறது, ‘பெரியது’ மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆக வேண்டும், எதைவிட என்பதையும் எழுத வேண்டும். “இரும்பின் அடர்த்தி அதிகம்” என்று நிறுத்தினால் பாதி விடைதான். தண்ணீரின் அடர்த்தியைவிட அதிகம், அதனால் இரும்புக் குண்டு மூழ்குகிறது என்று முடிக்க வேண்டும்.

கேள்வியின் வினைச்சொல்லையும் கவனிக்கச் சொல்லுங்கள். ‘டிஸ்க்ரைப்’ என்றால் என்ன நடக்கிறது, ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்றால் ஏன் நடக்கிறது. கொதிக்கும் நீரின் வெப்பநிலை வரைபடத்துக்கு முதல் வகை விடை: 100 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, பிறகு மாறாமல் நிற்கிறது. இரண்டாவது வகை: கொதிக்கும்போது பெறும் வெப்பம் துகள்களுக்கிடையே உள்ள ஈர்ப்பை வெல்லச் செலவாகிறது, அதனால் வெப்பநிலை ஏறவில்லை.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் நிறைய உண்டு, அவற்றையும் அவனுக்குக் காட்டுங்கள். ‘ஆஸ்மோசிஸ்’ என்ற சொல்லைக் கேட்டால் ஒன்றும் விளங்காது. சவ்வூடு பரவல் என்றால் சவ்வின் ஊடாகப் பரவுவது என்று சொல்லே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்குள்ள பாடத்திட்டம் வேறு என்றாலும், ஏழாம் எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது அவனுக்கு மிகவும் உதவும். மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யும் பயிற்சிப் புத்தகங்களை இப்போதைக்கு வாங்க வேண்டாம். துணைப்பாடம் தேவையென்றால் இந்தியச் சமூகத்துக்கான சிண்டா அமைப்பு நடத்தும் வகுப்புகளை முதலில் விசாரியுங்கள்.

ஜி2 பற்றி: ஒரு தவணையின் மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாட நிலையை மாற்றுவது பின்னரும் முடியும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போகும்போது கடைசி இரண்டு விடைத்தாள்களைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்தையும் காட்டி, “இங்கே அவனுக்குக் கருத்து புரியவில்லையா, சொல்லத் தெரியவில்லையா?” என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் கருத்துத் தவறு என்றால் ஜி2 பற்றி அவரோடு பேசலாம். சொல்வதில்தான் தவறு என்றால் ஜி3-யிலேயே இருக்கட்டும், இன்றிரவே தே பெங் கிளாஸின் வெளிப்புறத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தமிழில் கேட்டுத் தொடங்குங்கள். “கிளாஸ் வேர்க்குது” என்பான். “எது எதன்மேல் பட்டது?” என்று கேளுங்கள். காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த கண்ணாடி, வெப்பத்தை இழப்பது, நீர்த்துளி ஆவது, இந்த நான்கும் வரிசையாக வரும்வரை விடாதீர்கள்.