காரைக்குடி வெயிலிலும் புதினா வளரும்: கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வந்த புதினாக் கேள்விகள் இவை. கிணற்றடியிலும் முற்றத்திலும் புதினா வளர்த்துப் பழகியதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆச்சி, கடையில் வாங்குகிற கட்டில் வேரே இல்லை. அதை நட்டால் வருமா? (பள்ளத்தூர்)

தாராளமாக வரும். இலையைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு, கொஞ்சம் முற்றின தண்டாக நாலைந்து எடுத்து வையுங்கள். நுனியில் இரண்டு மூன்று இலை போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அந்தக் கணு தண்ணீரில் மூழ்கும்படி டம்ளரில் வையுங்கள். வேர் கணுவிலிருந்துதான் விடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால், ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கும். அப்புறம் மண்ணுக்கு மாற்றலாம். விதை தேடி அலைய வேண்டாம்.

மொட்டைமாடியில் வைத்தேன், சித்திரையில் கருகிவிட்டது. நம்ம ஊருக்கு ஒத்துவராதோ? (காரைக்குடி)

ஊர் ஒத்துவரும், இடம்தான் சரியில்லை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் கொடுக்கிற வெயிலைப் புதினா தாங்காது. காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். பழைய வீடு என்றால் முற்றத்தின் மேற்கு ஓரம் நல்ல இடம். காலையில் வெயில் விழும், மதியத்துக்கு மேல் நிழல் வந்துவிடும். மொட்டைமாடிதான் உண்டு என்றால், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்குப் பக்கமாக வைத்து, செடித்தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். தரைச்சூடு வேரை அவித்துவிடும்.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டாம், அகலமாக இருக்கட்டும். புதினா பக்கவாட்டில் ஓடுகிற செடி. வெறும் செம்மண் காய்ந்தால் இறுகி, ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும். செம்மண், மக்கின தொழுஉரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு கலந்துகொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றிப் பாருங்கள், செடியின் முகமே மாறும்.

செடி உயரமாகப் போகிறது, இலை சின்னதாகிவிட்டது, பூவும் வருகிறது. (தேவகோட்டை)

வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். பாவம் பார்க்காதீர்கள். மண்ணிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு மொத்தமாக வெட்டிவிட்டு, ஒரு கை தொழுஉரம் தூவித் தண்ணீர் விடுங்கள். பூக்க விட்டால் இலை மணம் குறையும். வெட்ட வெட்டத்தான் அடியிலிருந்து கொழுந்து கிளைக்கும். வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, நடுவில் காய்ந்த பழைய வேரைக் கழித்து, ஓரத்து இளவேரை மட்டும் புதுமண்ணில் நடுங்கள்.

இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி போல ஒட்டியிருக்கிறது.

துரு நோய். தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இனி தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

புதினாத் துவையல் எனக்குக் கறுத்துப் போகிறது, கசக்கவும் செய்கிறது.

இரண்டுக்கும் காரணம் வதக்குவதில்தான். உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயத்தை எண்ணெயில் வறுத்துத் தனியாக எடுத்துவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே இலையைப் போட்டுப் புரட்டுங்கள். சுருண்டதும் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் நிறம் போய்விடும். முதலில் பருப்பு, மிளகாய், புளி, உப்பு, தேங்காயை அரைத்து, இலையைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று மட்டும் ஓட்டுங்கள். முற்றின தண்டைச் சேர்த்தாலும் கசக்கும். கொஞ்சம் கெட்டியாகவே அரையுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அப்பாவுக்கு நெஞ்செரிச்சல். தினமும் புதினாச் சாறு கொடுக்கலாமா?

வேண்டாம். வாயுத்தொல்லைக்குச் சிலருக்குச் சுகம் தரும், உண்மைதான். ஆனால் புதினா இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தக்கூடியது. புளித்த ஏப்பமும் எரிச்சலும் உள்ளவர்களுக்கு அதிகமாகலாம். தினமும் எரிகிறதென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கட்டு வாங்கினால் இரண்டே நாளில் அழுகிவிடுகிறதே?

கழுவி வைக்காதீர்கள். அழுகின இலையைக் களைந்து, ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மிஞ்சினதை நிழலில் உலர்த்திப் பொடித்தால் மோரில் போட ஆகும்.