பூனை இருக்கட்டும், பிள்ளையின் கண்ணைப் பாருங்கள்

கேள்வி: ஐந்து வயது மகன் பூனைக்குட்டியோடுதான் படுப்பான். போன கிழமை குட்டி நூடுல்ஸ் மாதிரி ஒரு புழுவைச் சத்தி எடுத்தது. பூனைப்புழு கண்ணைக் குருடாக்கும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை. இந்த மாதம் மூன்று தரம் பூச்சிக் குளிசை கொடுத்துவிட்டேன். இடைக்கிடை வயிற்றுவலி என்கிறான், முடியும் கொட்டுகிறது. மச்சாள் வேறு பிள்ளைத்தாச்சி. பூனையைச் சந்தியில் கொண்டுபோய் விட்டுவிடவா?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் அந்தக் குளிசையை நிறுத்துங்கள் தங்கச்சி. பூனையின் நாக்குப்பூச்சி மனிதக் குடலில் வளர்வதில்லை. அதன் முட்டை வாய்வழியே உள்ளே போனால், பொரித்து வரும் குடம்பி குடலைத் துளைத்துக்கொண்டு ஈரல், நுரையீரல் என்று அலையும், எப்போதாவது கண்ணுக்கும் போகும். பாமசியில் கேட்டவுடன் எடுத்துத் தரும் மெபென்டசோலோ பெரும்பாலும் குடலோடேயே நின்றுவிடும். மாதம் முழுக்கக் கொடுத்தாலும் நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு அது போய்ச் சேராது. மலம் சோதித்தாலும் இந்தப் புழு அகப்படாது, அது மனிதக் குடலில் வளர்ந்து முட்டையிடுவதில்லையே.

கண்ணுக்கு வருவது உண்மைதான், ஆனால் அரிது. முட்டை வயிற்றுக்குள் போன பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றுமே செய்வதில்லை. சிக்கல் என்னவென்றால், வந்தால் அநேகமாக ஒரு கண்ணில்தான் வரும், பெரும்பாலும் நோவும் இருக்காது, மற்றக் கண்ணால் பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டு திரிவான், தனக்கு ஒரு பக்கம் மங்கல் என்று சொல்லவும் தெரியாது. அதனால் இதைச் செய்யுங்கள்: பகல் வெளிச்சத்தில் அவனுடைய ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, சுவரில் தொங்கும் கலண்டர் படத்தில் என்ன இருக்கிறது என்று தூரத்தில் நின்று கேளுங்கள், பிறகு மற்றக் கண். ஒரு குறிப்பிட்ட கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டுச் சிணுங்கினானா? புதிதாக மாறுகண் பார்வை தெரிகிறதா? பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாக இல்லாமல் வெள்ளையாக மினுங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே காட்டி, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். அந்த வெள்ளை மினுக்கம் சிறுபிள்ளைகளின் கண் புற்றுநோயாகவும் இருக்கலாம், எதுவானாலும் நாட்கணக்கு முக்கியம். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், போன வருடத்துக் கண் மருந்துப் போத்தல் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் சரி, நிம்மதியாகப் படுங்கள்.

அப்புறம், நீங்கள் குட்டி படுக்கும் பாயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் பார்ப்பது முற்றத்தை. அன்றைக்குப் போன பூனைப்பீயில் உள்ள முட்டை உடனே தொற்றாது, மண்ணில் 2 முதல் 4 கிழமை கிடந்து முற்ற வேண்டும், முற்றினால் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வன்னியில் வீடு கட்டப் பறித்த மணல் கும்பி எத்தனை முற்றத்தில் கிடக்கிறது! ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் அதுதான் கக்கூசு, பிள்ளைகளுக்கும் அதுதான் விளையாட்டிடம். ஒரு தறப்பாளால் மூடிக் கல்லு வையுங்கள். நகத்தை வெட்டி, சாப்பிடமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். குட்டியைச் சந்தியில் விட்டால் அடுத்த வீட்டுப் பூனை அந்த இடத்துக்கு வரும், அவ்வளவுதான். தாய்ப்பால் வழியாகவே குட்டிகளுக்கு இந்தப் புழு வந்துவிடுகிறது, எனவே அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் நிறைக்கேற்ற மருந்து கொடுப்பியுங்கள். வீட்டுக் குளிசையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம், பனடோல் பூனைக்கு நஞ்சு.

முடி கொட்டுவதற்கு இந்தப் புழுவைக் காரணம் சொல்ல முடியாது, ஆனால் பூனையிடமிருந்து தொற்றும் படர்தாமரையாலும் தலைமுடி திட்டுத்திட்டாகக் கொட்டலாம், அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றுவலி தொடர்ந்தால், கண்ணில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், யூடியூபிடம் கேட்காதீர்கள்.

மச்சாளுக்கு ஆபத்தானது வேறு ஒட்டுண்ணி, டொக்சோபிளாஸ்மா. கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் பெரும்பாலும் கவலை. பூனையைத் தடவுவதால் வருவது அரிது, சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண் பட்ட கை வழியாகத்தான் கூடுதலாக வரும். வல்லாரைச் சம்பல் என்றால் இலையை நன்றாக அலசட்டும், பூனைப்பீயை வேறு யாராவது தினமும் அள்ளட்டும், தோட்டவேலைக்குக் கையுறை போடட்டும். காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ அது புழுக்கதை இல்லை, விசர்நோய்க் கதை. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.